தெருமுனையில் நின்ற வண்டி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

மாநகரக் காவலின் துணைக்காவல் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி. அவருக்குப் பின்னால் மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு காவலர்கள்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி.

முதல் மாடிக்காரி, வலிப்பு வந்து பிழைத்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

மூன்றாம் மாடித் தையல்காரி, அவள் கணவன், அவள் தம்பி.

மற்றபடி சுவரோரம் சாய்ந்து நின்ற இருபது முப்பது பேர். அவர்களில் ஒருவரும் எதையும் பார்க்கவில்லை.

அதிகாரி நாற்காலியில் உட்காரவில்லை. "ஆம்புலன்ஸ்ல வந்த பொண்ண யார் அடிச்சது?" என்று ஒரே கேள்வியோடு ஆரம்பித்தார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "வெளியாளா இருக்கும் மேடம். நம்ம ஆளுங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

"வெளியாளுக்கு ரெண்டாவது மாடிப் படிக்கட்டுல என்ன வேலை? காத்து வாங்க வந்தானா?"

யாரோ சிரித்துவிட்டு, சிரித்தது தானில்லை என்பதுபோல் கூரையைப் பார்த்தார்.

"படிக்கட்டுல லைட்டு எரியல மேடம். ஒரே இருட்டு. யாருன்னு எப்படித் தெரியும்?" என்றார் செயலாளர்.

"லைட்ட உடைச்சதும் வெளியாள்தானா?"

முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரியின் தம்பி வாயைத் திறந்தான். பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். அவன் ஓட்டுகிற வேகத்துக்குக் குடியிருப்பில் அவனுக்கு ராக்கெட் என்று பெயர்.

"அவங்க ஏன் முனையிலேயே வண்டிய நிறுத்தினாங்க? அத முதல்ல கேளுங்க. இங்க குழந்தைக்குக் கண்ணு மேல சொருகுது, அங்க லைட்ட அணைச்சிட்டு ஜாலியா உக்காந்திருக்காங்க."

அதிகாரி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீ எந்த வீடு?"

"என் தம்பி மேடம்" என்று தையல்காரி முந்திக்கொண்டாள். "வாய் கொஞ்சம் நீளம்."

"வாய் நீளமா இருந்தா பரவாயில்ல. கை?"

அவன் காலை இறக்கிவைத்தான்.

வண்டி ஏன் முனையில் நின்றது என்பதை அதிகாரி அதன்பிறகுதான் சொன்னார். நகரத்தில் பல இடங்களில் ஆம்புலன்ஸ் மீது கல் விழுந்தது, ஊழியர்கள் அடிபட்டார்கள். வண்டிகளுக்குத் துணையாகப் போகவே இந்தத் துணைக்காவல் பிரிவை ஆரம்பித்தார்கள். அடிதடி நடந்த முகவரிகளுக்கு ஆம்புலன்ஸ் கணினியில் ஒரு குறி விழும். குறி விழுந்த இடத்துக்கு வண்டி தனியாக உள்ளே போகக் கூடாது. தெருமுனையில் விளக்கையும் சங்கையும் அணைத்துவிட்டு, மஞ்சள் மேலங்கிக்காரர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் குடியிருப்பில் போன வருடம் எவனோ செங்கல்லால் ஆம்புலன்ஸின் முன்கண்ணாடியை உடைத்தான். அன்றே குறி விழுந்துவிட்டது.

இதைக் குடியிருப்பில் எவரிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை. சட்டம் போட்டவர்களுக்கு அது தோன்றவில்லை. வண்டி வந்து முனையில் நிற்கிறது என்பது மட்டும்தான் ஜன்னலிலிருந்து தெரியும். உள்ளே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

போன வாரம் குழந்தைக்கு வலிப்பு வந்தபோதும் வண்டி அங்கேதான் நின்றது. முதல் மாடிக்காரியின் வீட்டில் மருந்து இல்லை. மாமியார் வீடு இரண்டாம் மாடியில் இருந்ததால் குழந்தையை அங்கே தூக்கிப் போயிருந்தார்கள். தாய் தெருவில் விழுந்தடித்து ஓடி வண்டிக் கதவைத் தட்டினாள். உள்ளே இருந்த உதவியாளர் பெண் மனசு கேட்காமல், காவலுக்குக் காத்திராமல் இறங்கி வந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், இருட்டில், பின்னாலிருந்து எதையோ வைத்து அவள் தலையில் ஒருவன் ஓங்கி அடித்தான். மருந்துப் பெட்டி படிப்படியாக உருண்டு கீழே போனது. ஓட்டுநர் ஓடி வந்து குழந்தையை ஒரு கையிலும், அவளை மறு கையிலும் தாங்கி இறக்கினார்.

"அடிச்ச ஆள் தெரியிற வரைக்கும் இந்த முகவரிக்கு நாங்க இல்லாம ஒரு வண்டியும் உள்ள வராது" என்றார் அதிகாரி. "எங்க கையில இருக்கிற ஒரே காரு நகரம் முழுக்க ஓடுது. அத மனசுல வச்சுக்கிட்டு யோசிங்க."

கூட்டம் கலைந்தது. எல்லோரும் யோசித்தார்கள், ஆனால் அடுத்தவரைப் பற்றி. நான்காம் மாடி இளைஞன் ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று செயலாளர் கேட்டார். செயலாளர் ஏன் இவ்வளவு துடிக்கிறார் என்று நான்காம் மாடியில் கேட்டார்கள். படியில் எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

தையல்காரியும் பார்த்தாள். அவள் பார்த்தது தன் வீட்டுத் துணிக்கொடியை. அடி விழுந்த அன்று தம்பி தன் சட்டையைத் தானே துவைத்துக் காயப்போட்டிருந்தான். பிறந்ததிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட அலசாதவன். அன்றிலிருந்து அவனுடைய ஹெல்மெட்டும் வாசல் ஆணியில் தொங்கவில்லை; கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிக் கிடந்தது.

அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"உன் தம்பி முகமே சரியில்லையே" என்று கணவன் ஒருநாள் ஆரம்பித்தான்.

"வேலைல அலைச்சல். நீங்க வேற எதையாவது கிளப்பாதீங்க."

மனைவியின் தம்பி விஷயத்தில் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

அந்த வாரக் கடைசியில், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கணவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். நெற்றி முழுக்க வியர்த்திருந்தது. இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "யாரோ மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்றான்.

தையல்காரி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். அது உண்மைதான். சீக்கிரமே வந்தும் விட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தாள். தெருமுனையில், இழுத்து மூடிய கடைக்கு முன்னால் நின்றது. விளக்கு அணைந்தது.

தம்பியும் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஹெல்மெட்டை இழுத்தான். பைக்கெடுக்கும் பழக்கத்தில் இழுத்தானா, வேறு எதற்காகவோ இழுத்தானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"ரெண்டு பேரையும் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்க்கா."

அவள் கதவை மறித்து நின்றாள். "கீழ வை அத."

"மாமா செத்துடுவாருக்கா!"

"கீழ வைன்னு சொன்னேன். அன்னைக்கும் இப்படித்தான் போனியா?"

அவன் முகம் செத்துப்போனது. அவளுக்கு வேறு பதில் வேண்டியிருக்கவில்லை. ஹெல்மெட்டைப் பிடுங்கித் தையல் மெஷின்மேல் போட்டாள். "மாமா பக்கத்துல உக்காரு. நான் கூப்பிடாம எழுந்திருக்காத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

முனையை நெருங்கும்போது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டே நடந்தாள். அவளாகவே அப்படி நடந்தாள். வண்டியின் கண்ணாடி ஒரு விரல் அளவுக்கு இறங்கியது. உள்ளே அதே பெண். தலையில் இடது பக்கம் கட்டு.

"என் புருஷனுக்கு நெஞ்சு வலி. மூணாவது மாடி. வாம்மா, கெஞ்சிக் கேக்குறேன்."

"போலீஸ் கார் வந்துட்டிருக்கு. அவங்க வந்ததும் வரோம்."

"எங்க வருது?"

ஓட்டுநர் தெருவை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஆத்துப் பாலத்தத் தாண்டல."

"அதுக்குள்ள அவர் போயிடுவார்மா."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். இரக்கமான பார்வை இல்லை. கடையில் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதுபோன்ற பார்வை. "போன தடவையும் ஒரு அம்மா இப்படித்தான் கெஞ்சினாங்க. இறங்கி வந்தேன். அடிச்சவன் இந்தக் கட்டடத்துல எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. மேல நிக்கிறானா, பின்னாடி வரானா, ஒண்ணும் தெரியாது. தெரியாம இனி ஒரு படிகூட ஏற மாட்டேன்."

தாய் தகப்பன் போன பிறகு தையல்காரி இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை தம்பி. மேலே சுவரில் சாய்ந்திருக்கிறவனோ அவள் கழுத்தில் தாலி இருப்பதற்குக் காரணம். இரண்டு பேரையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை.

"என் வீட்டுலதான் இருக்கான்" என்றாள். "என் தம்பி."

ஓட்டுநர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "நல்லாருக்கு. புலிக் கூண்டுக்குள்ள கூப்பிடுறாங்க நம்மள."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தெரியாத ஆளுக்குத்தான் பயம். இப்ப தெரிஞ்சுடுச்சு. அவனக் கீழ வரச் சொல்லுங்க, என் கண்ணு முன்னாடி."

"உனக்கு மெமோ வரும்மா" என்றார் ஓட்டுநர்.

"வரட்டும். போன மெமோவுக்கே இன்னும் பதில் எழுதல."

தையல்காரி அண்ணாந்து கத்தினாள். தம்பி இறங்கி வந்தான். வாசலில் அந்தப் பெண்ணின் தலைக்கட்டைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் போயின.

"கைய வெளிய எடு" என்றார் ஓட்டுநர். "லிஃப்ட் இல்லாத கட்டடம். ஸ்ட்ரெச்சர் தூக்க எனக்கு இன்னொரு ஆள் வேணும். நீ பிடி. ரெண்டு கையாலயும் பிடி. உன் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும்."

அப்படித்தான் போனார்கள். முன்னால் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு தம்பி, அதன் மறுமுனையில் ஓட்டுநர், அவருக்குப் பின்னால் பெட்டியோடு அந்தப் பெண், கடைசியில் தையல்காரி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அந்தப் பெண் நின்று, சுவரைத் தடவி, மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு ஏறினாள். கதவுகள் சங்கிலி இடைவெளியில் திறந்தன, கண்கள் தெரிந்தன, மூடிக்கொண்டன.

வீட்டுக்குள் அவள் வேலை படபடவென்று நடந்தது. மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லிக் கொடுத்தாள். மார்பில் கம்பிகளை ஒட்டி இயந்திரத்தைப் பார்த்தாள். "ஹார்ட் அட்டாக்தான். உடனே போகணும்" என்றாள். பிறகு தலையைத் திருப்பாமலே, "என் இடது பக்கம் யாரும் நிக்காதீங்க. அந்தக் காது கேக்காது" என்றாள்.

இடது பக்கம் நின்றவன் தம்பி. அவன் விலகி வலப்பக்கம் வந்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. தூரத்தை அளந்துகொள்கிற பார்வைதான். அவன் மறுபடி நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

கணவனை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டிப் படியிறக்கும்போது அந்தப் பெண் அதோடு ஒட்டி வந்தாள், ஆக்சிஜன் குழாயைப் பிடித்தபடி. திருப்பத்தில் தம்பியின் முகம் அவள் இடது தோளுக்குப் பக்கத்தில் வந்தது. "என்ன மன்னிச்சிடுங்க" என்று முணுமுணுத்தான். பின்னால் வந்த தையல்காரிக்குக் கேட்டது. அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. அவன் இன்னொரு முறை சொல்லத் துணியவில்லை.

கீழே மஞ்சள் மேலங்கிக்காரர்களின் வண்டி அப்போதுதான் வந்து நின்றது. அதிகாரி குதித்து இறங்கினார். "காத்திருக்காம உள்ள போகாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? மறுபடியும் அடிபடணுமா?"

"அப்புறம் திட்டுங்க மேடம். இப்ப வழி விடுங்க."

கணவனை வண்டிக்குள் ஏற்றினார்கள். அவனுக்கு நினைவு இருந்தது. அதற்குள் பாதிக் குடியிருப்பு வாசலில் கூடிவிட்டது. தையல்காரி அதிகாரியின் முன் வந்தாள்.

"நீங்க தேடினது இவனத்தான் மேடம்."

தம்பி தலை குனிந்து நின்றான். "ஹெல்மெட்டால அடிச்சேன்" என்றான். "டீ குடிச்சிட்டு உக்காந்துட்டு லேட்டா வர்றாங்கன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?" அதிகாரி தம்பியை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்தார்.

"சந்தேகம் இருந்துச்சு. கேக்கல. கேக்காம இருந்ததே மறைச்சதுதான்."

"ஆஸ்பத்திரி வேலைய முடிச்சிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க. உங்ககிட்டயும் பேசணும்."

செயலாளருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா நீ, கூடப் பிறந்தவனையே காட்டிக் குடுக்குற? நமக்குள்ள பேசித் தீத்திருக்கலாமே!"

தையல்காரி ஆம்புலன்ஸ் படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினாள்.

"நமக்குள்ள பேசினதாலதான் சார் இந்தக் கதி. போன வருஷம் கண்ணாடிய உடைச்சவன் யாருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயத் தொறந்தோமா? அதனால வண்டி முனையில நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு கேக்காம இவன் அடிச்சான். அதுக்கும் வாய மூடிக்கிட்டோம். இன்னைக்கு என் புருஷன் மூச்சுக்குத் தவிக்கிறப்ப அதே முனையில நின்னுச்சு. காப்பாத்த வர்றவங்க மேல கை வச்சா, அந்த அடி அவங்களோட நிக்காது. அடுத்து எவன் படுத்துக் கிடக்குறானோ அவன் தலையில வந்து விழும். அடிச்சவன ஒளிச்சு வைக்கிறவங்களும் சேந்துதான் அடிக்கிறோம். நானும் அடிச்சேன். போதும்."

சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், போன வருடத்துச் செங்கல்லை யார் இப்போது வெளியே எடுக்கப் போகிறார்கள் என்பதுபோல.

அவள் ஏறி உட்கார்ந்து கணவனின் கையைப் பிடித்தாள். "இப்போதைக்குத் தாங்குறாரு" என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் சொன்னாள். வண்டி நகர்ந்தது, இந்த முறை விளக்கும் சங்கும் போட்டபடி.

தையல்காரி பின்கண்ணாடி வழியே பார்த்தாள். தம்பி குனிந்து மஞ்சள் மேலங்கிக்காரர்களின் வண்டிக்குள் ஏறினான். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தாள். பார்க்கவில்லை. காவலர் அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினார்.