மீனம்மாவை இரண்டாம் முறை குளிப்பாட்டியது

மஞ்சள் வாசனை படிக்கட்டிலேயே வந்து அடித்தது. சண்முகவடிவு அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வெள்ளை ஜிப்பாவைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்த நௌஷாத் ஹாஜியார், அவள் முதுகில் மோதப் பார்த்து, பக்கத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன புள்ள? ஏன் நின்ட?"

காலையில் அக்காவின் மூச்சு நின்றதும், "நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டுத்தான் வடிவு மஸ்கெலியாவுக்கு ஓடினாள். பஸ்ஸில் போய், பள்ளிவாசல் வாசலில் காத்துக் கிடந்து, நிர்வாக சபைத் தலைவர் ஹாஜியாரையும், இறந்த பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டும் ஜெஸீமா ராத்தாவையும் வேனில் கூட்டிக்கொண்டு வருகிறாள். வந்து சேர்வதற்குள் மஞ்சள்.

பக்கத்து அறையான காம்பராவின் தெரேசா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே எதிரில் வந்தாள். முகத்தில் நல்ல காரியம் செய்து முடித்த நிம்மதி.

"வந்துட்டியா வடிவு? ஒடம்பு வெறச்சுப் போகும்ல. அதான் பீலித் தண்ணிய சூடு பண்ணி, மஞ்சப் பூசி, தலைக்கு ஊத்தி, பொட்டும் வச்சுட்டேன். வந்து பாரு, கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கு."

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. பொதுவாத்தான சொன்ன. என்னையுஞ் சேத்துச் சொல்றேன்னு நான் கண்டேனா?"

"புருசன் செத்தவளுக்கு எவளாச்சும் பொட்டு வைப்பாளா?"

"செத்ததுக்கப்புறம் எல்லாரும் ஒண்ணுதான்டி."

வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். குளிப்பாட்டியவள் மாதாவைக் கும்பிடும் வேதக்காரி. வைத்தது கோயில் குங்குமம். உள்ளே படுத்திருப்பவளோ மீனம்மாவாக இருந்து மாறி, பன்னிரண்டு வருஷமாக ஐந்து வேளை தொழுத ஆமினா. எந்தச் சாமியிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை.

ஹாஜியார் கண்ணை மூடித் திறந்தார். "திரும்பக் குளிப்பாட்டோணும்."

வாசல் திண்ணையான ஸ்தோப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வீரய்யா எழுந்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அவர்தான், கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். "என்னா ஹாஜியார், ஒரு மனுசிய எத்தன தடவ குளிப்பாட்டுவீங்க? சளி புடிச்சுத்தான் செத்துச்சு. போன எடத்துலயும் இருமணுமா?"

"எங்கட முறை ஒண்டு ஈக்குது தலைவர்."

"எங்களுக்கும் ஒரு மொற இருக்கு. இது நம்ம லயத்துச் சாவு. தப்புக்குச் சொல்லியாச்சு, வந்தாச்சு." பக்கத்துக் கூரைக்கடியில் நாலு பேர் நெருப்பு மூட்டித் தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு அடிக்க ஏலாது."

"அப்ப அவங்களுக்கு என்னா சொல்றது? மழையில நடந்து வந்தவங்க."

வடிவுக்கு எரிச்சலாக வந்தது. அக்கா மதம் மாறிய வருஷம், ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியில் அவள் பிடித்தால் வாளியைத் தனியாக வை என்று சொல்ல ஆள் அனுப்பியது இதே கமிட்டிதான். இன்றைக்கு அது நம்ம லயத்துச் சாவாகிவிட்டது.

பள்ளிவாசல் பக்கமும் அப்படியொன்றும் தேன் சொட்டவில்லை. குர்ஆன் ஓதுகிற பிள்ளைகளுக்குச் சமைக்கத்தான் அக்கா முதலில் பள்ளிவாசலுக்கு வேலைக்குப் போனாள். ஒரு நாள் ஜெஸீமா ராத்தா வீட்டு விருந்தில் அவளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரே பெரிய தட்டில் சோறு. சஹன் என்பார்களாம். சுற்றி ஆறு பேர். அன்று ராத்திரி வந்து அக்கா தூங்கவே இல்லை. "என் கைக்குப் பக்கத்துல ஹாஜியார் பொஞ்சாதி கை, வடிவு. ஒரே தட்டு. யாரும் ஒண்ணும் நெனைக்கல." அதற்காகத்தான் மாறினாளா என்று வடிவு கேட்டதில்லை. மாறிய பிறகு ஒரு கல்யாணத்தில் இவள் சஹனில் உட்கார்ந்ததும் இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். "வயிறு நெறஞ்சிருச்சாம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். கடைசி வரைக்கும் அங்கே அவள் வெறும் ஆமினா ஆகவில்லை. தோட்டத்து ஆமினாதான்.

"ஹாஜியார்," என்றாள் வடிவு. "இன்னொரு விசயம். அக்கா கேட்டுக்கிச்சு. ஒங்க முறையில அடக்கம் பண்ணச் சொன்னுச்சு. ஆனா தண்ணி நான்தான் ஊத்தணும்னு சொன்னுச்சு."

போன வாரம் இருமலுக்கு நடுவில் சொன்னது. சின்ன வயதில் உன்னைப் பீலியில் பிடித்து வைத்துக் குளிப்பாட்டியது யார், அந்தக் கடனைக் கழி என்று. "சும்மா கெட, சாகப் போறவ மாதிரி பேசாத" என்று வடிவு எரிந்து விழுந்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஹாஜியார் தாடியைத் தடவினார். "நீங்க எங்கட ஆள் இல்லயே. மௌலவிக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கொள்ளோணும். நிர்வாக சபையில ரெண்டு பேருக்காவது சொல்லோணும். பொறகு யாராவது கத கட்டுவாங்க."

"நானும் மேல ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்," என்றார் வீரய்யா. "நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா நம்மளத்தான் கேப்பாங்க."

அந்த லயத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். கடைசிக் காம்பராவுக்கு அப்பால், லீக்ஸ் பாத்தி ஓரத்துக் கொய்யா மரத்தடியில். இரண்டு தலைவர்களும் அங்கே போய், ஒரே குடைக்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஆளுக்கொரு போனை வானத்துக்குக் காட்டியபடி நின்றார்கள். மௌலவி எடுக்கவில்லை. சங்கத்தில் மேலே இருப்பவர் கூட்டத்தில் இருந்தார். மாலை நேர அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்க வேண்டும் என்று வேனில் வரும்போது அவசரப்படுத்தியவரும் ஹாஜியார்தான்.

உள்ளே எட்டிப் பார்த்தாள் வடிவு. மஞ்சள் முகம். பெரிய பொட்டு. அக்காவுக்கு எப்போதும் ஊரோடு ஒத்துப்போகத் தெரியாது. செத்த பிறகும் இத்தனை பேருக்கு வேலை வைத்துவிட்டு, தனக்கு ஒன்றுமே தெரியாதது மாதிரி படுத்திருக்கிறாள். அவளை உலுக்கி எழுப்பி நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலிருந்தது.

அவள் நேரே கொய்யா மரத்தடிக்குப் போனாள். தலைவர்களை எதிர்த்து அவள் பேசியது அதுவே முதல் தடவை.

"ஹாஜியார், ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் ஒங்க ஒலிபெருக்கியில சொல்றதச் சோறாக்கிக்கிட்டே கேட்டுட்டு வந்து அக்கா எனக்கு ஒப்பிக்கும். ஒரு கூட்டத்துக்குத் தலைவர்னா, அவரு அந்தக் கூட்டத்துக்கு வேலைக்காரராம். பெருமையாச் சொல்லும். எங்காளுங்க அப்புடி இல்லன்னு என்கிட்ட சண்டையும் போடும்."

ஹாஜியார் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"ரெண்டு வேலைக்காரரும் மரத்தடியில நின்னா, அங்க வேலைய யாரு பாக்குறது?"

வீரய்யா கொய்யாக் கிளையைப் பார்த்தார். ஹாஜியார் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஸ்தோப்பிலிருந்து ஜெஸீமா ராத்தாவின் குரல் வந்தது.

"வடிவு! பழஞ்சேல இருந்தா ரெண்டு கொண்டா. மறைப்புக் கட்டோணும்."

ஹாஜியார் திரும்பினார். "ராத்தா, மௌலவிக்கிட்ட இன்னும்…"

"நீங்க பேசிக்கொண்டு ஈங்க ஹாஜி. தேய்க்கிறது நான். இந்தப் புள்ள தண்ணிதான் ஊத்தப் போற. கேள்வி கணக்கு வந்தா ஜெஸீமாவக் கேக்கச் சொல்லுங்க."

ராத்தா எந்தச் சபையிலும் இல்லை. சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டினாள். தெரேசா தன் சேலையையே கொண்டுவந்து கொடுத்து, "வாசலுக்கு நான் நிக்கிறேன், ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான்" என்று மறைப்புக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது. "சுடுதண்ணியா ஊத்துங்க. அவளுக்குப் பச்சத் தண்ணி ஆகாது."

இலந்தை இலை போட்ட வெதுவெதுப்பான தண்ணீர். "வலது பக்கத்தால தொடங்கு," என்றாள் ராத்தா. துணியைப் போர்த்தி, துணிக்கடியில் கையை விட்டு, குழந்தையைத் தேய்ப்பது போல் தேய்த்தாள். நிறுத்து என்றபோது வடிவு நிறுத்தினாள். ஊற்று என்றபோது ஊற்றினாள். நெற்றிப் பொட்டு கரைந்து ஒரு கோடாகக் காதோரம் இறங்கியது. அதை ராத்தா கட்டைவிரலால் துடைத்தாள். கொழுந்து கிள்ளிக் கறுத்துப்போன விரல்களைத் தேய்த்தாள். அது போகவில்லை. மறுபடி தேய்த்தாள்.

"அது போகாதுங்க," என்றாள் வடிவு. "எனக்கும் இருக்கு."

ராத்தா விட்டுவிட்டாள். கடைசித் தண்ணீரில் போடப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்தாள். கற்பூரம். வடிவு அதையும் ராத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். கோயிலில் காட்டுவதும் அதுதான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வெள்ளைத் துணி சுற்றி, சுமந்து போகும் சந்தூக்கில் வைத்தபோது, ரோட்டுக்கு ஏறும் படிக்கட்டில் மழை வழிந்துகொண்டிருந்தது. ஹாஜியார் செருப்பைக் கழற்றிவிட்டு முன்கொம்புக்குத் தோள் கொடுத்தார். இரண்டாவது படியிலேயே வழுக்கினார்.

"அந்தப் பக்கம் கால வைக்காதீங்க, கல்லு ஆடும்," என்று வீரய்யா அடுத்த கொம்பைப் பிடித்தார். "நான் சொல்ற எடத்துல மட்டும் மிதிங்க."

தப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பைக் கூரைக்கடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள். ஹாஜியாரின் ஜிப்பா முழங்கால் வரை சேறாகிவிட்டது. அவர் குனிந்து பார்க்கவில்லை. அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவது ஆண்கள் மட்டும்தான். அதில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே முறை. வேன் வளைவில் மறையும் வரை வடிவு படியில் நின்றாள்.

பொழுது சாயும்போது வேன் திரும்பி வந்தது. ராத்தா வீட்டிலிருந்து ஒரு பெரிய தட்டை ஓலை மூடியால் மூடி அனுப்பியிருந்தார்கள். ராத்தா இன்னும் போகவில்லை. அவளே வாங்கித் தரையில் வைத்தாள்.

"மரக்கறிதான். சாவு வீட்டில நீங்க என்ன திங்கிறண்டு தெரியாது."

"இருங்க, தட்டு எடுத்துட்டு வாறேன்," என்று தெரேசா எழுந்தாள்.

"தட்டு வேணாம். ஒக்காருங்க."

தெரேசா வடிவைப் பார்த்தாள். வடிவு உட்கார்ந்தாள். பிறகு தெரேசாவும், மேட்டு லயத்திலிருந்து வந்த இரண்டு பெண்களும் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். ராத்தாவோடு ஐந்து பேர். எல்லோரும் அவரவர் முன்னால் இருந்ததைப் பிசைந்து சாப்பிட்டார்கள். ராத்தாவுக்கும் வடிவுக்கும் நடுவில், ஆள் இல்லாத ஆறாவது பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது.

தெரேசாவுக்கு நல்ல பசி. தன் பக்கத்தை முடித்துவிட்டு, அந்தப் பக்கத்து உருளைக்கிழங்குக்குக் கையை நீட்டினாள்.

வடிவு அவள் புறங்கையில் ஒன்று வைத்தாள்.

"ஒம் பக்கத்தச் சாப்புடு."