கண்ணாடிக்கு முடி முளைத்த வருடம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. சின்னதை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கேட்கட்டும். அடி அண்ணாமலையில் நடந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். பயமாக இருக்கிற இடம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. 2018ஆம் வருடம் வைகாசி மாதம் ஐந்தாம் தேதி, காலை ஐந்தே முக்கால் மணிக்கு, கிரிவலப் பாதையை ஒட்டிய இரண்டாவது தெருவில், புகழேந்தி வீட்டுக் கண்ணாடிக்கு முடி முளைத்தது. அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது. கரண்டு இருந்தது. பால்காரர் வழக்கமான நேரத்துக்கே வந்தார்.

புகழேந்திக்கு அப்போது முப்பத்தாறு வயது. செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களுக்கு ஃபில்டர் மாற்றுவது அவன் வேலை. முகம் மழிப்பது அவன் ஆசை. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு விடுதி அறையைக் காலி செய்த பெல்ஜியம் நாட்டுப் பெரியவர், இனி தாடி வளர்க்கப்போவதாகச் சொல்லித் தன் சவரப் பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். கனமான ரேசர், மரப்பிடி போட்ட பிரஷ், ஒரு பீங்கான் கிண்ணம். அன்றிலிருந்து புகழேந்தி ஒரு நாளும் தவறவில்லை. நம் ஊர்த் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி, நுரை நிற்காது என்பதால் வடிகட்டிய தண்ணீரைத்தான் சுடவைப்பான். பிரஷ்ஷை ஊறவைத்து, சோப்பைக் குழைத்து, நுரை கெட்டித் தயிர் பதத்துக்கு வரும்வரை சுற்றிக்கொண்டே இருப்பான். முடி போகும் திசையில் ஒரு தரம், குறுக்கே ஒரு தரம், எதிர்த்து ஒரு தரம். கடைசியில் படிகாரம். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். இதே பித்துப் பிடித்த இருநூறு பேர் எங்கெங்கோ இருந்தார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றன்றைய நுரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுத்தான் காபி குடிப்பான். செவ்வாய், வெள்ளி, அமாவாசை எதுவும் பார்க்கமாட்டான்.

மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி வைக்கக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். புகழேந்தி அதையும் பார்க்கவில்லை. அவன் மனைவி வினோதினிக்கு ஒரு பிள்ளை மூன்றாம் மாதத்தில் போயிற்று, இன்னொன்று ஐந்தாம் மாதத்தில் போயிற்று. மூன்றாவது முறை கரு தங்கியது உறுதியானதும், கீழ்பென்னாத்தூரிலிருந்து அவளுடைய அம்மா மணியம்மாள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். மருமகனிடம் நேராகப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. எதுவானாலும் மகளிடம்தான் சொல்வார்.

“வினோ, உன் வூட்டுக்காரர் கிட்ட சொல்லு. ரெண்டு போச்சு. இந்த வாட்டியாவது அந்த எழவு பிரஷ்ஷ பரண் மேல போடச் சொல்லு.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லனு டாக்டரே சொல்லிட்டாருங்க அத்தை” என்றான் புகழேந்தி உள்ளே இருந்து.

“டாக்டரு சொன்னாராம் வினோ. அந்த டாக்டரு பொண்டாட்டி முழுகாம இருந்தப்போ அவரு மூஞ்சில தாடி இருந்துதா இல்லையானு கேட்டாராமா?”

வினோதினி எழுந்து போனாள். ரேசரையும் பிரஷ்ஷையும் கிண்ணத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை மூன்று முடிச்சு போட்டுப் புருஷன் கையில் கொடுத்தாள். அவள் முடிச்சை இறுக்கிய விதத்தைப் பார்த்தவன் நேராகப் போய்ப் பையைப் பரணில் வைத்தான்.

நான்கு நாள் அவன் முகத்தில் ஒரு முள்கூட எழும்பவில்லை. ஐந்தாம் நாள் காலையில், குளியலறைக்கு வெளியே மாட்டியிருந்த கண்ணாடியில் கரும்புள்ளிகள் தெரிந்தன. தூசி என்று துண்டால் துடைத்தான். துண்டு சிக்கிக்கொண்டது. விரலை வைத்தான், குத்தியது. வாரக் கடைசிக்குள் கண்ணாடி முழுக்க ஒரு விரற்கடை உயரத்துக்கு வந்துவிட்டது. அவன் முகம் மட்டும் வழவழவென்றே இருந்தது. ஆனி மாதம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு மறுபடி வந்த மணியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். “வினோ, உன் வூட்டுக்காரர் மூஞ்சி உரிச்ச முட்டையாட்டம் இருக்குது. யார் கண்ணுல மண்ணத் தூவறாரு?” வினோதினி அம்மாவைக் கூட்டிப்போய்க் கண்ணாடியைக் காட்டினாள். மணியம்மாள் தொட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “தாடிதான். வளரட்டும். எங்க வளர்ந்தா இன்னா, கத்தி படாம இருந்தா சரி” என்றார். வீட்டில் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். புகழேந்தியின் தாடி இடம் மாறி வளர்கிறது, அவ்வளவுதான். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்களில் சிலர் கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தார்கள். பஸ் பிடிக்க வேண்டியிருந்ததால் யாரும் ஜாஸ்தி நேரம் நிற்கவில்லை.

ஆவணிக்குள் முடி ஒரு சாணைத் தாண்டித் தொங்கியது. வினோதினிக்கு ஆறாம் மாதம். பிள்ளை நன்றாக உதைத்தது. விடியற்காலையில் அவள் எழுவதற்கு முன்பே அது எழுந்துவிடும். புகழேந்திக்குத்தான் கை சும்மா இருக்க முடியவில்லை. காலை ஐந்தே முக்காலானால் விரல்கள் தாமாக எதையோ குழைத்தன. வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்களின் நுரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். வீட்டில் இருந்தது அந்த ஒரே கண்ணாடி. முடி மூடிக்கொண்டதிலிருந்து தன் முகத்தை அவன் பைக் கண்ணாடியில் துண்டு துண்டாகத்தான் பார்த்தான். இப்படியே போனால் முகம் மறந்துவிடும் போலிருந்தது. முகத்தில்தானே கத்தி வைக்கக்கூடாது, கண்ணாடியில் வைக்கக்கூடாது என்று யார் சொன்னது? இந்த நியாயத்தை மூன்று வாரம் மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்தவன், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பரணிலிருந்து பையை இறக்கி, மூன்று முடிச்சையும் அவிழ்த்தான். கண்ணாடியின் நடுவில் மட்டும் நுரை பூசி, மேலிருந்து கீழாக ஒரே ஒரு இழுப்பு இழுத்தான்.

சத்தமே இல்லாமல் வழிவிட்டது. அவன் கை அறிந்த தாடி அப்படி வழிவிடாது. பிளேடு அகலத்துக்கு ஒரு பட்டை திறந்தது. அதில் அவன் முகம் இல்லை. டார்ச் வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்கில் தெரியுமே ஒரு சிவப்பு, அந்தச் சிவப்பு இருந்தது. ஈரமாக இருந்தது. அதற்குள் ஏதோ ஒன்று, வெளிச்சம் பட்டதும் கூசி, மெதுவாக மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

“ஏங்க, இங்க வாங்களேன்” என்று படுக்கையறையிலிருந்து வினோதினி கூப்பிட்டாள். “உதைச்சிகினே இருந்துது. பட்டுனு நின்னுடுச்சு.”

கையில் நுரையோடு போய் நின்றான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் திட்டவில்லை. எழுந்து வந்து அந்தப் பட்டைக்கு எதிரே வெகுநேரம் நின்றாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். ஸ்கேனில் நெஞ்சுத் துடிப்பு இருந்தது, அசைவுதான் இல்லை. குழந்தை முதுகைக் காட்டிச் சுருண்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து காட்டச் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் புகழேந்தி சலூன் கடை சகாதேவனிடம் போனான். சகாதேவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருடமாக அந்தத் தெருமுனையில் கடை வைத்திருப்பவர்.

“வாடா புகழு. பதினோரு வருஷமா என் கடைப் படி ஏறல. இப்போ கண்ணாடிக்குக் கட்டிங்கா, ஷேவிங்கா?”

“அண்ணே, கிண்டல் பண்ணாதீங்க. வினோ வயித்துல புள்ள அசையல.”

சகாதேவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தார். கிண்ணத்தில் காய்ந்திருந்த நுரையிலிருந்து ஒரு முடியை நகத்தால் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு விரலுக்கு நடுவில் மெல்ல உருட்டினார்.

“இது உன் தாடினு எவன்டா சொன்னான்?”

“எல்லாரும்தாண்ணே.”

“தெனம் வெட்டற முடி நுனி மொண்ணையா இருக்கும்டா, சாய்வா, சீவின பென்சிலாட்டம். நாப்பது வருஷமா தொட்டுப் பாக்கறேன். இதுல பாரு, இந்தப் பக்கம் வெட்டு, அது நேத்து நீ பண்ண வேலை. அந்தப் பக்க நுனி எப்பிடி இருக்குது? ஊசியாட்டம். பொறந்ததுலேர்ந்து ஒரு கத்திகூட படாத முடி இது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பொறந்ததுலேர்ந்துனு கூட சொல்ல முடியாது போலயே.”

வினோதினி கண்ணாடியின் முடியைக் கையில் அள்ளி விரலில் சுற்றினாள். அது தானாகச் சுருண்டது. “உங்க ஆளுங்கள்ல யாருக்குங்க சுருட்டை?” என்றாள் புருஷனைப் பார்த்து. “இது எங்க அண்ணன் முடி, புள்ளைக்கு வந்திருக்குது.” அதற்குப் பிறகுதான் அழுதாள்.

என்ன செய்வது என்று கேட்டதற்குச் சகாதேவன் கையை விரித்தார். வெட்டத்தான் தனக்குத் தெரியும், வளர வைக்கத் தெரியாது என்றார். புகழேந்திக்கும் அதேதான் தெரியும். ஆனாலும் மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவன் தண்ணீரைச் சுடவைத்தான். வடிகட்டிய தண்ணீர். பிரஷ்ஷை ஊறவைத்தான். சோப்பைத் தொடவில்லை, கிண்ணத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, வெந்நீரில் குழைத்து, அந்த வெறும் பட்டையின்மேல் பிரஷ்ஷால் சுற்றினான். முடி போகும் திசையில் ஒரு தரம், குறுக்கே ஒரு தரம், எதிர்த்து ஒரு தரம். முப்பத்தைந்து நிமிடம். சிவப்புக்குள் இருந்தது திரும்பவில்லை. இரண்டாம் நாளும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் மணியம்மாள் வந்து விஷயத்தைக் கேட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக மருமகனைப் பார்த்து நேராகப் பேசினார். “தண்ணி ஆறிடப் போவுது மாப்ள. செய்யுங்க” என்றார். அதோடு சரி.

புகழேந்தி வேலைக்குப் போவதை நிறுத்தினான். செங்கம் சாலை விடுதிகளில் அந்த வாரம் தண்ணீர் உப்புக் கரித்தது. யாரோ ஒருவர் கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொன்னதற்கு வினோதினி ஒத்துக்கொள்ளவில்லை. எதிரே நாற்காலி போட்டு, வயிற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டு, அரிசி புடைத்தாள், கீரை ஆய்ந்தாள், தெருவில் போகிறவர்கள் பேரையெல்லாம் உள்ளே இருப்பதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் காலையில், பிரஷ்ஷின் நுனியில் ஏதோ தட்டுப்பட்டுப் புகழேந்தி கையை நிறுத்தினான். விரலை வைத்தான். குத்தியது. கத்தி பட்ட மொண்ணை முடி, எள்ளளவு எழும்பியிருந்தது. அவன் “வினோ” என்று வாயெடுப்பதற்குள், நாற்காலியில் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “உதைக்குதுங்க” என்றாள்.

கார்த்திகை தீபம் முடிந்து, மலை உச்சியிலிருந்து தீபக் கொப்பரையைக் கீழே இறக்கிய வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. தலையில் ஒரு முடி கிடையாது, புருவம்கூடக் கிடையாது. ஆஸ்பத்திரியில் விசாரித்தார்கள்; முடி வீட்டில் இருக்கிறது என்று மணியம்மாள் சொன்னார். கீர்த்தனா என்று பேர் வைத்தார்கள். சனிக்கிழமைகளில் வினோதினி குழந்தையின் வழுக்கைத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, மிச்ச எண்ணெயைக் கண்ணாடிக்குத் தேய்ப்பாள். சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டு ஒரு முழம் மல்லிகைப் பூவும் வைப்பாள். கண்ணாடிக்குச் சீப்பு போடும்போது அடுத்த அறையில் தொட்டிலில் இருக்கும் குழந்தை கொட்டாவி விடும்.

பதினோராம் மாதம் மொட்டை. அவர்கள் குலதெய்வமான வேடியப்பன் கோயிலுக்கு வேன் வைத்துக்கொண்டு போனார்கள். தாய்மாமன் இளவரசன், அந்தச் சுருட்டை முடிக்காரன், மடியில் துண்டு விரித்து உட்கார்ந்தான். பூசாரி வந்து, “மொட்டை யாருக்குப்பா?” என்று கேட்டார். கண்ணாடிக்கு என்றார்கள். “சரி. காது குத்தறது?” அது குழந்தைக்கு என்றார்கள். பூசாரி தலையாட்டிவிட்டு மஞ்சள் தண்ணீர் எடுக்கப் போனார். மாமன் மடியில் கண்ணாடியைப் படுக்க வைத்தார்கள். சகாதேவன் புது பிளேடு போட்டு, ஈரம் தொட்டு, ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். பாட்டி இடுப்பில் இருந்த கீர்த்தனா, இந்த வயதுக் குழந்தைகள் மொட்டைக்கு அழுகிற மாதிரியே வீறிட்டு அழுதாள். முடி முழுக்க இறங்கியதும் அழுகை நின்றது. கண்ணாடியில் வானம் தெரிந்தது, வேப்பமரக் கிளை தெரிந்தது, குனிந்து பார்த்த மணியம்மாளின் மூக்குத்தி தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. சந்தனம் குழைத்துக் கண்ணாடிக்குப் பூசினார்கள்.

அடுத்த நாள் காலை புகழேந்தியின் தாடையில் முள் முள்ளாக எழும்பியிருந்தது. கீர்த்தனாவின் தலையிலும் பூனைமுடி கறுத்திருந்தது. அவன் மறுபடியும் தினமும் மழிக்கிறான், அதே கண்ணாடி, அதே ஐந்தே முக்கால் மணி. கீர்த்தனா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், முடி சுருட்டை, வாயாடி. காலையில் அவன் இடது கன்னத்தில் ரேசரை வைக்கும்போது, அடுத்த அறையில் நல்ல தூக்கத்தில் இருக்கும் அவள் இடது கன்னத்தைத் தலையணையிலிருந்து எடுத்து மேலே திருப்பிக் காட்டுவாள். வலது கன்னத்துக்குப் போனால் வலது. கழுத்துக்குப் போனால் தலையை நிமிர்த்திக்கொள்வாள். வினோதினிக்கும் தெரியும், மணியம்மாளுக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தண்ணீர் சூடு கம்மியாக இருந்தால் அவள் தூக்கத்தில் சிணுங்குவாள். அவன் போய் மறுபடி சுடவைத்துக்கொண்டு வருவான். எதிர்த்து மழிக்கிற மூன்றாவது தரத்தை மட்டும் விட்டுவிட்டான். கத்தியை ரொம்ப லேசாகப் பிடிக்கிறான், தூங்குகிற பிள்ளையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி.

அவ்வளவுதான் கண்ணுகளா, கையை விட்டுவிடலாம். உங்கள் வீட்டில் பிறந்ததெல்லாம் நன்றாக இருக்கட்டும், வரப்போவது நல்லபடியாக வந்து சேரட்டும். உங்கள் வீட்டுக் கத்திகள் காய் மட்டும் நறுக்கட்டும். விடிந்து எழுந்து பார்க்கும்போது உங்கள் கண்ணாடியில் உங்கள் முகமே தெரியட்டும்.