சுடர்விழிக்குக் கொழுப்பு அதிகம்

மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையை ஒட்டியிருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சுடர்விழிக்கு வேலை. வயது இருபத்தாறு. அவள் ஊசி குத்தினால் வலி தெரியாது, பேசினால் தெரியும்.

தொப்பையைத் தள்ளிக்கொண்டு வருபவர்களைக் கண்டாலே அவளுக்கு இளக்காரம். நேற்று இரவிலிருந்து பட்டினி என்று சொல்லிவிட்டு மீசையில் டீ நுரையோடு கையை நீட்டுவார் ஒருவர். இன்னொருவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது மெஷின் தப்பும்மா" என்பார்.

"ஆமா சார், மெஷின்தான் தெனம் போண்டா துன்னுச்சு" என்பாள், அவர் காதில் விழும்படியாகவே.

ஜனவரியில் புது மெஷின் வந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க யாருடைய ரத்தமாவது வேண்டியிருந்தது. சுடர்விழி காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தாள், கையை நீட்டினாள். கூட வேலை செய்யும் அஞ்சலாட்சி ரத்தம் எடுத்தாள். நூறைச் சுற்றி இருக்கவேண்டிய கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்தாறு என்று வந்தது.

"மெஷினை இன்னும் சரியா செட் பண்ணல" என்றாள் சுடர்விழி.

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. திரும்ப ஓட்டினார்கள். நூற்று எழுபத்துநாலு. வேறொரு லேபுக்கும் கொடுத்தனுப்பினாள். அங்கேயும் அதேதான்.

"அஞ்சு வருஷமா நாங்க சொன்னத ஒரே நாள்ல மெஷின் சொல்லிடுச்சி" என்றாள் அஞ்சலாட்சி. "ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்தி."

நாற்பத்தெட்டு கிலோ எடையுள்ளவளுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. டாக்டர் மேனகாவைப் போய்ப் பார்த்தாள். தினமும் என்ன சாப்பிடுவாய் என்று அவர் கேட்டார். பதினொரு மணிக்கு பேக்கரி பஃப்ஸ், நாலு மணிக்கு பஜ்ஜி, ராத்திரி பரோட்டா, இல்லையென்றால் சிக்கன் ரைஸ். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அப்பா?"

"மில்லுல இருந்தாரு. நாப்பத்தாறு வயசுல நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாரு. எழுந்திருக்கல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொன்னார். அவை சரியாகவே இருந்தன.

"ஒல்லியா இருந்தா ஒண்ணும் வராதுன்னு யாரு சொன்னது? மூணு மாசம் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு பண்ணு. குறையலன்னா மாத்திரை. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களும் டெஸ்ட் எடுக்கணும்."

கூடப் பிறந்தவன் மதிவாணன். வயது முப்பது, எடை தொண்ணூறு, ஏசி மெக்கானிக். முதலியார்பேட்டை வீட்டில் கோழி வறுவலைக் கடித்தபடி தங்கையின் ரிப்போர்ட்டைப் பார்த்தான்.

"குச்சியாட்டம் இருக்க. ஒனக்கு கொலஸ்ட்ராலா? அந்த டாக்டரு படிச்சித்தான் பாஸ் பண்ணாங்களா?"

"நீயும் வந்து எடுத்துக்கண்ணா."

"நான் தெனம் ஏணி ஏறி எறங்குறவன். எனக்கு எதுக்கு?"

அம்மா வீராயி மகனுக்கு இன்னொரு துண்டு வைத்தாள்.

சுடர்விழி தொடங்கினாள். பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், பரோட்டாவுக்குப் பதில் கம்பு தோசை, வறுத்த மீனுக்குப் பதில் குழம்பு மீன். விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் வேகநடை. அங்கே நடப்பவர்களில் பாதிப் பேர் இரண்டு சுற்று முடித்துவிட்டு நேராக வடை பொங்கல் சாப்பிடப் போவதைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். பூண்டு போட்ட பால் ஒரே வாரத்தில் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய உறவுக்காரனை, "ஒன் மூளையத்தான் கரைச்சிருக்கு" என்று திட்டினாள்.

நாலாவது வாரம் பேக்கரி வாசலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், அதன் முன்கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு இரண்டு பஃப்ஸ் தின்றாள். கண்ணாடிக் கதவில் அந்தக் கோலம் தெரிந்தது. லேபுக்கு வரும் டீ நுரைக்காரர்கள் யாருக்கும் தான் குறைந்தவள் இல்லை என்று தோன்றியது. மறுநாள் காலை மறுபடி நடக்கப் போனாள். அதற்குப் பிறகு பொய்ப் பட்டினிக்காரர்களிடம் கேலி பேச அவளுக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு வாங்க சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் நூற்று முப்பத்தொன்றுக்கு வந்தது. இப்படியே விடாமல் தொடரச் சொன்னார் டாக்டர். வீட்டில் ரிப்போர்ட்டைக் காட்டினாள்.

"மூஞ்சி ஒட்டிப்போயி கெடக்கு. எவன் கட்டுவான்?" என்றாள் வீராயி.

"அவ லேபு, அவ மெஷினு. அவளே நம்பர் போட்டுக்கறா" என்றான் மதிவாணன்.

மூன்று மாத உழைப்பை அவன் ஒரு வாய்ச் சோற்றோடு விழுங்கியது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏணி ஏறுறவனாம். அப்பாவும்தான் எட்டு மணி நேரம் நின்னு வேலை செஞ்சாரு. அவருக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் எல்லாரும் நெனச்சோம். டெஸ்ட்டு வேணாம்னு சொல்லாத. பயமா இருக்குன்னு சொல்லு."

வீராயியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மதிவாணன் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு லேபு திறந்தபோது அவன் வாசலில் நின்றிருந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றான். ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தொண்ணூறு கிலோ ஆளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது.

இருநூற்றுப் பதினாலு.

அஞ்சலாட்சி எட்டிப் பார்த்துவிட்டு, சுடர்விழி என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் ரிப்போர்ட் வந்த பிறகும் அவன் முழங்கையிலிருந்து பஞ்சை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான்.

"ரொம்ப அதிகமாடி?"

"அதிகம்தான். சாயங்காலம் டாக்டர்கிட்ட போலாம். நானும் வரேன்."

இந்த அளவுக்கு உடனே மாத்திரை வேண்டும், கூடவே மற்றதெல்லாமும் வேண்டும் என்றார் டாக்டர். அடுத்த நாள் கடற்கரைச் சாலையில் பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்கினான் மதிவாணன்.

"இன்னும் எவ்ளோ தூரம்?"

"பேசாம நடந்தா கிட்டத்தான்."

வீராயி எண்ணெய்ச் சட்டியை மேல்பலகையில் ஏற்றினாள். இரண்டு பிள்ளைகளையும் திட்டிக்கொண்டேதான். நாலு மாதத்தில் மதிவாணனுடைய கெட்ட கொழுப்பு நூற்றுப் பத்துக்குக் கீழே வந்தது. எடையும் ஏழு கிலோ குறைந்தது.

போன வாரம் கருவடிக்குப்பத்திலிருந்து ஒருவர் லேபுக்கு வந்தார்.

"எங்க வீட்டுக்கு ஏசி பாக்க வந்த தம்பி ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்துட்டாரும்மா. முப்பது வயசானா எல்லாரும் டெஸ்ட் எடுத்தே ஆவணுமாம். அவரு மொதல்லயே உஷாரா எடுத்துட்டாராம். வீட்ல தங்கச்சியத்தான் சம்மதிக்க வெக்கறதுக்குள்ள உசுரு போயிடுச்சாம்."

சுடர்விழி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கைய நீட்டுங்க சார்" என்றாள்.