பூசாத விளிம்பு

திரையில் கசிவைக் காட்டும் பச்சைக் கோடு, வரம்பைக் குறிக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி எகிறியது. சுவரெங்கும் கறுப்புக் கூம்புகள் ஒட்டிய சோதனை அறைக்குள் எங்கள் அலுமினியப் பெட்டி மேசைமேல் தனியாக உட்கார்ந்திருந்தது. மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவிக்கான பெட்டி. உள்ளேயிருக்கும் மின்காந்த அலைகள் கசிந்து பக்கத்துக் கட்டிலின் கருவியைக் குழப்பக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை பாடு. சோதனைக்காரர் உள்ளே போய் மூடியைக் கழற்றி, விளிம்பை நகத்தால் சுரண்டினார். சாம்பல் நிறத் தூள் நகத்தோடு வந்தது.

"என்னங்க, இங்க போய்ப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கீங்க? மூடியும் பெட்டியும் வெறும் உலோகமாத் தொட்டாத்தானே அலை வெளிய போகாது?"

"பெயிண்ட் பிரிவு பண்ணின வேலை," என்றார் முதலாளி ஹேகலே, பல்லைக் கடித்துக்கொண்டு. நானும் தலையாட்டினேன். ஆட்டும்போதே எனக்குத் தெரியும், தவறு என்னுடையது.

ஸ்வாபிய வட்டாரத்தின் இந்தச் சிற்றூர்த் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வரைபடம் போடுகிறேன். பெயிண்ட் படக்கூடாத விளிம்புகளில் சாய்கோடுகள் போடுவது என் வேலை. அதைப் பார்த்து அங்கே நீல டேப் ஒட்டி, பெயிண்ட் சூளையில் வெந்தபின் உரித்தெடுப்பது பெயிண்ட் பிரிவு இலோனாவின் வேலை. ஆகஸ்டில் வரைபடத்தில் மூடியின் கீலை நான்கு மில்லிமீட்டர் நகர்த்தினேன். கண்ணுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று சாய்கோடுகளைத் திரையில் மறைத்து வைத்தவன், திரும்பப் போட மறந்து கையெழுத்தும் போட்டுவிட்டேன். இலோனா கவனித்தாள். சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள்.

"வோல்க்மார், புதுத் தாள்ல விளிம்புக்குச் சாய்கோடே காணோமே. போன தடவை இருந்துச்சு. டேப் ஒட்டவா, வேணாமா?"

என் வாய் நிறைய ரொட்டி. "தாள்ல என்ன இருக்கோ அதைச் செய்ங்க இலோனா. சொந்த மூளையெல்லாம் இங்க எதுக்கு?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவளுடைய இரண்டு வருட ஒப்பந்தம் சோதனை நடந்த மாதக் கடைசியில் முடியவிருந்தது. வேலை நிரந்தரமானால்தான் வீடு தருவேன் என்று ஒரு வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதுவரை அக்கா வீட்டுப் பரண் அறையில் மகளோடு இருந்தாள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன். சோதனையிலிருந்து திரும்பிய மாலை, பெயிண்ட் பிரிவு ஆட்கள் வீட்டுக்குப் போனபின், அவர்கள் கோப்பிலிருந்த தாளை எடுத்துவிட்டுச் சாய்கோடு போட்ட தாளை அதே எண், அதே தேதியோடு செருகினேன். தாள் மாற்றுவது என் பொறுப்பு என்பதால் பார்த்திருந்தாலும் யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் ஹேகலே என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அந்தத் தாளை அவள்முன் தள்ளினார். "கோடு கண்ணுக்குத் தெரியலையா?"

இலோனா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்கோடுகள்மேல் விரலை ஓட்டினாள். "இது இல்ல நான் பார்த்த தாள்," என்றாள். "நான் போன் பண்ணிக் கேட்டேன்."

"யாரை?"

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ, என் முகத்தைப் பார்த்தாள். அவள் பெயர் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று பிற்பாடு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

"எனக்கு அப்படி போன் வந்ததா ஞாபகமே இல்லையே," என்றேன்.

ஹேகலே எழுந்தார். "சரி. வழக்கம் தெரியும்ல, வேலையைக் கெடுத்தவங்கதான் கேக் கொண்டு வரணும். வெள்ளிக்கிழமை. ஒப்பந்தத்தை நீட்டிக்கிறது..." தாளை மடித்தார். "அதுல இனிப் பேச ஒண்ணுமில்ல."

கொண்டுவர மாட்டாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஒன்பது மணி இடைவேளையில் பெரிய தட்டோடு வந்தாள். பிளம் பழம் அடுக்கிச் சுட்ட கேக். கிண்ணத்தில் கிரீமும் இருந்தது. துணியை விலக்கியதும் தகடு வளைக்கும் பிரிவு டீட்மார் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"என்னம்மா, பழம் பத்தலையா? ஓரமெல்லாம் மொட்டையா இருக்கு!"

நான்கு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் மாவு. அளந்து டேப் ஒட்டி உரித்ததுபோல் நேர்க்கோடாக நின்றது பழம்.

"விளிம்பைச் சுத்தமா விட்டுட்டேன்," என்றாள் இலோனா. "இந்தத் தடவை யாரையும் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். ஹேகலேகூடச் சிரித்தார். அவள் கத்தியை வைத்து வரிசையாக வெட்டினாள். நடுத்துண்டுகள் ஒவ்வொருவர் தட்டுக்கும் போயின. மூலைத் துண்டை எனக்கு வைத்தாள். இரண்டு பக்கமும் வெறும் மாவு, உள்முனையில் மட்டும் ஒரு கீற்றுப் பழம். கிரீம் கிண்ணத்தை டீட்மார் பக்கம் நகர்த்திவிட்டாள்.

அவள் போகவில்லை. தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு என் எதிரிலேயே நின்றாள். அவள் கட்டைவிரல் நகத்தடியில் நீல டேப்பின் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நான் முள்கரண்டியால் குத்தி ஒரு பெரிய துண்டை வாயில் போட்டேன். உலர்ந்த மாவு நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

"நல்லா இருக்கா, வோல்க்மார்?"

அன்று போனில் அவள் கேட்டபோது இருந்தது போலவே என் வாய் நிறைந்திருந்தது. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.