ஒரே சிகரெட், இருபத்தொரு நாள்

பல்கேரியாவின் ஹஸ்கோவோ ஊரில் நான் வேலை செய்யும் செருப்புப் பட்டறையில் புகைப்பவர்களுக்கு மட்டும்தான் வெளிக்காற்று. காலை பத்து இருபதுக்கும் மதியம் மூன்று இருபதுக்கும் ஏழேழு நிமிடம். "சிகரெட்டுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். "காற்றுக்கு" என்றால் சிரிப்பார்கள். சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

நாள் முழுக்க அடித்தோலுக்குப் பசை பூசுகிறேன். அதன் நெடி தொண்டையில் படிந்துவிடுகிறது. மதிய ரொட்டியிலும் அதே ருசி. அதனால் பக்கத்து மேசை பாவ்லினா அக்காவிடம் ஒரு சிகரெட் வாங்கி, அதைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு மூன்று வாரமாகப் பின்வாசலில் நிற்கிறேன். இது ஏமாற்று வேலையா என்று என் நாட்குறிப்பு நோட்டில் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்துவிட்டேன்.

பின்வாசலும் அருவருப்புதான். ஊறுகாய் டின்னில் மழைத் தண்ணீர், அதில் ஊறி உப்பிய சிகரெட் துண்டுகள், மேலே மஞ்சள் நுரை, யாரோ துப்பிய சளி. ஆனால் நான்கடி தள்ளி வேலியோரம் நின்றால் காற்று சுத்தமாக இருக்கும்.

இன்று மேஸ்திரி கன்ச்சோ என் கையைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இஸ்க்ரா, அது என்ன பரம்பரைச் சொத்தா? மூணு வாரமா அதே சிகரெட்டு. நடுவுல மடிஞ்சே போச்சு."

"பத்தவைக்கப் போறேன் அண்ணே."

"எப்போ? உன் கல்யாணத்தன்னிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாவ்லினா அக்கா மட்டும், "விடுங்க கன்ச்சோ, பொண்ணு சும்மா நின்னுட்டுப் போகட்டும்" என்றாள்.

"சிகரெட் புடிக்காதவளுக்கு எதுக்கு பிரேக்கு? அப்புறம் எல்லாரும் வானம் பாக்கக் கெளம்பிருவாங்க. ஒண்ணு பத்தவை, இல்ல உள்ள போ. இனிமே வெளிய வராத."

உள்ளே பசை. அக்காவின் லைட்டரை வாங்கினேன். மூன்றாவது தட்டலில்தான் பிடித்தது. ஈரச் சாக்கை எரித்து விழுங்கியது போல இருந்தது. குமட்டிக்கொண்டு வந்தது, வேலிக்கு ஓடி, நான் தினமும் மூச்சு வாங்கும் அந்த இடத்திலேயே காலையில் சாப்பிட்ட தயிரை வாந்தியெடுத்தேன்.

"அடி சக்கை! இப்பதான் நீ நம்ம ஆளு" என்று கன்ச்சோ முதுகில் தட்டினார். உள்ளே போகச் சொல்லவில்லை.

மாலை, நான் படிக்கப் போகும் ஜெர்மன் மொழி வகுப்பில் பக்கத்துப் பெண் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். விரல்களை முகர்ந்து பார்த்தேன். மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. வரும் வழியில் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கினேன், பையில் இருக்கிறது. நாளை பத்து இருபதுக்கு நான் வெளியே போகலாம். எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை.