புல்வெளி டயரே போதும்

...இல்லை, புல்வெளி டயரே போதும் என்று சொல்லிவிட்டால் என்ன, யார் கேட்கப்போகிறார்கள், கடைக்காரன் கர்ட்டும் அதைத்தானே சொல்கிறான், வெண்டல் வீட்டுப் பாதை தட்டை, தோட்ட டிராக்டரின் முன்னால் தகடு மாட்டிப் பனியைத் தள்ளுவதற்கு இந்த அகலமான வழவழப்பு டயர் தாராளம்... பக்கத்தில் சாய்த்திருந்த இன்னொரு ஜோடியை வெண்டல் பார்க்காததுபோலப் பார்த்தார். கட்டைவிரல் ஆழத்துக்குப் பட்டன், வயல் டிராக்டருக்கு இருப்பதுபோலக் குறுக்கே எழும்பி நிற்கும் பட்டன், முழங்கால் பனியையும் கவ்விக்கொண்டு ஏறும், எங்கே ஏறும், பக்கத்து வீட்டு ஐலியின் ஏற்றத்தில் ஏறும், அதுதானே சிக்கல். “உனக்கு எதுக்குய்யா அது? புல்லை எல்லாம் உழுது போட்டுடும், அப்புறம் உன் வீட்டுக்காரி லோர்னா உன்னை உழுவா” என்று கர்ட் சிரித்தான். வெண்டலும் சிரித்தார். பக்கத்து வீட்டு ஏற்றத்துக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கர்ட் ஊருக்குப் புதிது, அவனுக்கு எப்படித் தெரியும்... ஏன் சொல்லவில்லை?

இந்த ஏரிக்கரையில் என் வீட்டுப் பனியைத் தள்ளிவிடு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, அதனால் மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. ஐலியின் கணவர் இறந்த வருஷம் ஒரு காலையில் வெண்டல் தானாகவே மேலே ஏறித் தள்ளிவிட்டு வந்தார், மறுநாள் டிராக்டர் இருக்கையில் துண்டில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி இருந்தது, அவ்வளவுதான், அதைத் தின்றபிறகு நிறுத்த முடியுமா? இப்போது முதுகு எரிகிறது, லோர்னா அரிசோனாவில் இருக்கும் மகன் வீட்டு வெயிலைப் பற்றியே பேசுகிறாள். “இனிமே முடியாது ஐலின்னு சொல்லிட்டு வாங்களேன், வாய்ல என்ன கொழுக்கட்டையா?” சொல்லத்தான் போனார், காபி குடித்துவிட்டுத் திரும்பினார். பாதை அடைபட்டால் ஐலியைப் பார்க்க வரும் நர்ஸின் கார் மேலே ஏறாது, நர்ஸ் வராத அன்றைக்கே உன்னை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று மகள் ஐலியிடம் கறாராகச் சொல்லியிருக்கிறாள்... பெரிய பட்டன் வாங்கினால் ஏறியே ஆகவேண்டும், இதை வாங்கினால் சறுக்கும், சறுக்கினால் அவர் என்ன செய்ய, ரப்பர் செய்த தப்பு... சீ, என்ன மனுஷன் நான், வாய் விட்டுச் சொல்லத் துப்பில்லாமல் டயரைத் தூது அனுப்புகிறேனே.

“பனியில சறுக்காம இருக்க டயருக்குச் சங்கிலி வேணுமா? இதுலயே சங்கிலி மாட்டிட்டா சுவர்லகூட ஏறும்” என்றான் கர்ட். “வேணாம்.” கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது, அவருக்கே கூச்சமாக இருந்தது, கர்ட் ஒன்றும் கவனிக்கவில்லை, டயர்களை உருட்டிக்கொண்டுபோய் பிக்கப் வண்டியில் ஏற்றினான்.

வீடு திரும்பும்போது திருப்பத்தில் அந்த ஏற்றத்தைப் பார்க்கவேண்டாம் என்றுதான் நினைத்தார், ஆனால் ஆரஞ்சு நிறம் கண்ணில் குத்தியது. பாதையின் இரண்டு பக்கமும் மேலேவரை வரிசையாகக் குச்சிகள், பனி மூடினாலும் தள்ளுகிறவருக்கு ஓரம் தெரியவேண்டும் என்று இலையுதிர்காலத்தில் எல்லா வீட்டிலும் நடுகிற குச்சிகள், ஒவ்வொரு வருஷமும் அவர்தான் நடுவார், இந்த வருஷம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்... அடிவாரத்தில் ஐலி தான் ஊன்றி நடக்கும் நடைவண்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் கடைசிக் குச்சியை அடித்துக்கொண்டிருந்தாள். இந்த உடம்போடு மேலேயிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறாள். வண்டியை நிறுத்தாமல் போகமுடியவில்லை.

“மண்ணு இறுகறதுக்குள்ள நட்டுடலாம்னு பாத்தேன்பா. போன வருஷம் குச்சி சாஞ்சு ஓரம் தெரியாம என் ரோஜாச் செடிய இடிச்சுட்டு அன்னைக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தியே.” வண்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள். “அட, புது டயரா! எம்மாடி, என்ன அகலம்! இந்த வருஷம் மேல ஏறுமா?”

“ஏறும் ஐலி.”

“இன்னிக்கு என் மக போன் பண்ணட்டும், வெண்டல் புது டயர் வாங்கிட்டான், நீ வாய மூடுன்னு சொல்றேன்.”

ஏறும் என்று ஏன் சொன்னேன், இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே, கடை இன்னும் திறந்துதான் இருக்கும், வண்டியைத் திருப்பினால்... அவர் அவள் கையிலிருந்து சுத்தியலை வாங்கி அந்தக் குச்சியை அடித்தார். அவள் கோபப்பட்டால், திட்டினால், இத்தனை வருஷம் தின்ற ரொட்டியைச் சொல்லிக் காட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணித்தான் இவ்வளவும் செய்தது, ஆனால் முதல் பனியில் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும்போது இவள் திட்டமாட்டாள், ஜன்னலைத் திறந்து, விடுப்பா, முதுகு பிடிச்சுக்கப்போகுது, உள்ள வா என்பாள், அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, வந்து என்னைக் கூட்டிட்டுப் போ என்று மகளுக்குப் போன் செய்வாள். அது தெரிந்துதான், அது நன்றாகத் தெரிந்துதான் வாங்கினேனோ?