சரிபார்க்காத கல்

…பூஜ்யம் காட்டினால் மேலே ஒன்றும் இல்லை என்று அர்த்தமா, செத்துப்போன மெஷினும் பூஜ்யம்தான் காட்டும், உள்ளே கம்பி அறுந்தாலும் பூஜ்யம்தான், இத்தனை வருஷமாகத் தராசுகளின் வயிற்றைத் திறந்து பார்த்துச் சரிசெய்கிறவனிடம் வந்து நெகடிவ் என்கிறாள் இந்த லேப்காரி, போன வாரம் சொன்னாள், அதற்கு முன்னால் வேறொரு லேபில் ஒருத்தன் சொன்னான், இன்னொரு இடத்தில் பொய்ப்பெயர் கொடுத்து எடுத்தான், அங்கேயும் அதே. எல்லாரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி. அவன் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அசைந்தால் டக்கென்றது, நாற்காலியே நேராக நிற்காத இடத்தில் ரத்தம் பார்க்கிறார்களாம். மூலையில் ஆள் எடை பார்க்கும் மெஷின், ஒரு தடியன் ஏறி இறங்கினான், முள் திரும்பிவரவில்லை, பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது, யாரும் கவனிக்கவில்லை… அவனுக்கு மட்டும் பல் கூசியது. பக்கத்தில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். முழு உடம்புக்கும் செக்கப், ஜோடியாக வந்தால் தள்ளுபடி என்று சொல்லித்தான் கூட்டிவந்திருந்தான். நம்பிவிட்டாள். எதைச் சொன்னாலும் நம்புவாள், இடுப்புவலி என்று மூன்று மாதமாக ஹாலில் படுக்கிறான், அதையும் நம்பி வெந்நீர்ப் பை வைத்துக் கொடுக்கிறாள், அந்தப் பையைப் பார்த்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆணுறை கிழியவில்லை. அது தெரியும். மில்லின் எடைமேடையைச் சரிபார்க்கப் போன இடத்தில், எல்லாரும் போன பிறகு, கணக்குக்காரியோடு அந்தக் கண்ணாடி அறையில், ஒரே ஒரு தடவை, முடிந்ததும் குழாயடிக்குப் போய் உறையில் தண்ணீர் பிடித்துத் தூக்கிப் பார்த்தான், ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "தராசுக்காரருக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது போல." அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பித்தது, ஏன் சிரித்தாள், எத்தனை பேர் இப்படித் தண்ணீர் பிடித்துப் பார்த்திருப்பார்கள்… ஒரு வாரம் கழித்து போன் செய்து, நீ எச்.ஐ.வி. டெஸ்ட் எடு என்றான். "நான் உங்களை எடுக்கச் சொன்னேனா?" என்றாள். வைத்துவிட்டாள். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. திமிர்பிடித்தவள். லேப்காரி இன்னும் மோசம், போன வாரம் நாய்க்குட்டிக்குச் சொல்வது போலச் சொன்னாள். "சார், உறை போட்டிருக்கீங்க, கிழியல, மூணு மாசமும் தாண்டியாச்சு. இனிமே உங்களுக்கு வேண்டியது டெஸ்ட் இல்ல, தூக்கம்." உங்கள் கிட் வேலை செய்கிறதென்று எப்படித் தெரியும் என்று கேட்டான். கிட்டின் சோதனைப் பட்டையைக் காட்டினாள். "இந்த மேல்கோடு அதுக்குத்தான். கிட் கெட்டிருந்தா இதுவும் வராது." தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிற கோடு. தராசு நன்றாக இருக்கிறதா என்று தராசையே கேட்பார்களா, மாதிரிக்கல்லை வைத்துத்தான் பார்க்க வேண்டும், எடை சந்தேகமில்லாமல் தெரிந்த கல்லை… வீட்டுக்குப் போகும் வழியில் அது தோன்றியது. மனைவி. அன்றிலிருந்து அவன் தொடாத மனைவி. சந்தேகமில்லாத பூஜ்யம். இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், அவளுடையதில் இல்லாத இரண்டாவது கோட்டின் நிழல் ஒன்று தன்னுடையதில் விழுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

லேப்காரி வெளியே வந்து மனைவியைக் கூப்பிட்டாள். அவனும் எழுந்தான். "நீங்க உட்காருங்க சார். இந்த டெஸ்ட்டுக்கு முன்னாடி ஆள்கிட்டத் தனியாப் பேசி சம்மதம் கேட்கணும்." மனைவி திரும்பினாள். "எந்த டெஸ்ட்டுங்க?" லேப்காரி அவனைப் பார்த்தாள், அவன் எடை மெஷினைப் பார்த்தான், கதவு சாத்திக்கொண்டது. அவனிடமும் ஒவ்வொரு முறையும் தனியாகப் பேசினார்கள்தான், அது தன்னைப் போன்றவர்களுக்கு என்று நினைத்திருந்தான், அவளிடமும் கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை, தொழில்புத்தி, கல்லிடம் யார் சம்மதம் கேட்கிறார்கள். இப்போது உள்ளே சொல்லிக்கொண்டிருப்பாள், உங்க வீட்டுக்காரர் ரெண்டாவது தடவையா வர்றாரும்மா… சொல்ல மாட்டாள், சொல்லக் கூடாது, ரகசியம் காப்பார்கள். ஆனால் சொல்ல என்ன இருக்கிறது, டெஸ்டின் பெயரே போதுமே. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வருவாளோ. அழுவாளோ. அழுதால் வெளியே கேட்குமோ, எதிரே இந்தத் தடியன் வேறு உட்கார்ந்திருக்கிறான், வாயைத் திறந்துகொண்டு. ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாள். அவன் பக்கத்தில் உட்காரவில்லை, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். என்ன கேட்டார்கள் என்றான். "கேட்க வேண்டியதை." பிறகு, சுவரைப் பார்த்தபடியே, "அந்த வெந்நீர்ப் பையை ராத்திரி எங்க வச்சுக்கிட்ட? இடுப்புலயா, தலைமாட்டுலயா?" என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவனை நீ என்கிறாள். வாயை மூடு, தடியன் கேட்கிறான் என்று பல்லைக் கடித்தான். "கேட்கட்டும். பாவம், அவரும் என்ன வலின்னு சொல்லிட்டு வந்தாரோ." தடியன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான்.

அவன் ரத்தமும் எடுத்தார்கள். காத்திருந்தார்கள். முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். மேல்கோடு மட்டும். பட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கி, சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், நிழல் இல்லை, அவளுடையது எங்கே, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றான். லேப்காரி பட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அவங்களோடது அவங்களுக்குத்தான் சார்." நான் புருஷன் என்றான். "இருக்கட்டும். அவங்களை அனுப்புங்க."

அவள் உள்ளே போய் வெகுநேரம் ஆனது. நெகடிவ் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும், ஒரு சொல், தனக்குச் சொன்னபோது மூச்சுவிடுவதற்குள் முடிந்துவிட்டதே… சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள், இரண்டு பேரும் சேர்ந்து அவனைப் பற்றி, சிரித்துக்கொண்டிருப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்தால் நல்லதுதான். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றான், சிரிப்பு கேட்கவில்லை.

வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்னவாம் என்றான். "உனக்கு?" இல்லை என்றான். "நல்லது." உனக்கு என்னவென்று கேட்டேன் என்றான். அவள் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டாள், முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "மூணு மாசம் நீ என்கிட்டச் சொல்லல. நான் மூணு மாசம் கழிச்சுச் சொல்றேன்." விளையாடாதே என்றான். "அவ்வளவு பயமா இருந்தா, என்கிட்ட அது ஏன் இருக்கும்னு யோசி. நல்லா யோசி. உனக்குத்தான் ஹால் இருக்கே, தனியாப் படுத்து யோசிக்கலாம்."

வாசலுக்குப் போகிறவள் வழியில் அந்த எடை மெஷினில் ஏறி நின்றாள். முள் ஓடி நடுங்கி நின்றது. தப்பாகக் காட்டுகிறது என்று சொல்ல வாயெடுத்தான், எவ்வளவு தப்பு என்று கேட்பாள், அது தெரிய அவளுடைய சரியான எடை தெரிய வேண்டும், தெரியாது, கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தாள், எப்போதிலிருந்து… அவன் பகலெல்லாம் வெளியூரில், ராத்திரி ஹாலில். மாதிரிக்கல்லையும் வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பிச் சரிபார்க்க வேண்டும், தொழிலில் முதல் பாடம் அது. அவள் இறங்கி வெயிலுக்குள் போய்விட்டாள், கூப்பிட நினைத்தான், முள் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது, முன்னைவிட மேலேயா, அதே இடத்திலா, அவள் ஏறுவதற்கு முன்னால் சரியாக எங்கே நின்றதென்று அவன் பார்த்துவைத்துக்கொள்ளவில்லை.